வசூல் தமிழில், விதி ஆங்கிலத்தில்

கடை இருந்தது தரைக்குக் கீழே, பேஸ்மென்டில். காப்பீட்டு நிறுவனத்தின் ஆட்கள் நேரில் பார்த்தார்கள். பேஸ்மென்ட் என்று தெரிந்தே பிரீமியம் வாங்கினார்கள். பிறகு தீப்பிடித்தது. கிளைம் கேட்டு வந்தவரிடம் பாலிசியைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார்கள்: பேஸ்மென்டுக்கு இது செல்லாது. அந்தக் கடைக்கென்றே எழுதிய பாலிசி, அந்தக் கடைக்கு மட்டும் செல்லாதாம்!

கற்பனை இல்லை. டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கு. 2012-இல் எடுத்த பாலிசிக்கு 2022 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. விதியைச் சொல்லாமல் விற்றுவிட்டு, பணம் கொடுக்கும் நேரத்தில் அதே விதிக்குப் பின்னால் போய் ஒளியக்கூடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். பத்து வருஷம்! விற்ற சரக்குக்கு விற்றவன் பொறுப்பு என்பதை எந்த மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் உச்ச நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

ஆனால் குறை எங்கே இருக்கிறதாம் தெரியுமா? சிறுதொழில்காரரிடம். அவருக்கு 'விழிப்புணர்வு' போதவில்லையாம். அதற்காக ஏசி ஹாலில் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, சங்கத் தலைவருக்கு ஒரு நினைவுப் பரிசு, பிறகு ஒன்றரை மணி நேரம் திரையில் ஆங்கிலம். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்த மனிதர் வடையைச் சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, 'விழித்து' வீடு திரும்புகிறார்.

அவருடைய பாலிசி எப்படிப் பிறந்தது என்பதை எந்தக் கருத்தரங்கமும் சொல்லாது. சி.சி. என்கிற கேஷ் கிரெடிட் லோன் வாங்கப் போனார். நாற்பது கையெழுத்தில் அதுவும் ஒன்று. "இன்சூரன்ஸ் நாங்களே போட்டுக்கறோம் சார், அக்கவுண்ட்ல பிடிச்சுக்குவோம்" என்றார் மேனேஜர், இனிய தமிழில். பிடித்தார்கள், வருஷா வருஷம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு. பாலிசியின் காகிதம் எங்கே? வங்கியின் பீரோவில். எந்த நிறுவனம்? வங்கி யாரோடு கூட்டு வைத்திருக்கிறதோ அது. எவ்வளவு தொகைக்கு? இங்கேதான் வித்தை. லோன் இருபது லட்சம், அதனால் காப்பீடும் இருபது லட்சம். குடோனில் சரக்கு நாற்பது லட்சத்துக்கு இருக்கிறதே? அது வங்கியின் கவலை இல்லை. வங்கி தன் பணத்துக்குக் குடை பிடித்துக்கொண்டது, குடைக்குக் காசு இவருடையது.

பத்து லட்சம் ரூபாய்ச் சரக்கு நனைந்து போகிறது என்று வையுங்கள். இருபது லட்சத்துக்குக் காப்பீடு இருக்கிறதே, பத்தும் வந்துவிடும் என்று அவர் நினைப்பார். வராது. நாற்பதுக்குப் போட வேண்டியதில் பாதிக்குத்தானே போட்டீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பாதி. ஐந்து லட்சம், அதிலும் கழிவு போக. இதற்குப் பெயர் ஆவரேஜ் விதி. கணக்கு என்ற அளவில் நியாயமான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கையெழுத்து வாங்கும் அன்றைக்கு இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாமே! சொன்னால் அவர் நாற்பதுக்குப் போட்டிருப்பார். சொல்லாதவருக்கு நஷ்டமில்லை, கேட்காதவருக்குத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மிஷின்கள் தண்ணீரில் நின்றன. இரண்டு வாரம் கழித்துத் தெற்கே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகுதான் சர்வேயர் வருவார். அவரை அனுப்புவதும் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனம். லேத் மோட்டாருக்குள் சேறு, சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர்க் கோடு. அதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு அவர் கேட்கும் முதல் கேள்வி: "பர்ச்சேஸ் பில் இருக்கா சார்?" பில் இருந்த பீரோவும் அதே தண்ணீரில்தான் நின்றது.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லோன் கூடக் கிடைக்க வங்கிக்கு ஒரு ஸ்டாக் கணக்கு, வரி குறைய ஆடிட்டருக்கு ஒன்று, தன் மனசுக்கு ஒன்று. மூன்றையும் மேஜையில் பரப்பிவைத்து சர்வேயர் எதை எடுப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

நெருப்பு என்றாலும் யாரும் சொல்லாத விதிகள் உண்டு. ஒரு மோட்டார் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்து, பக்கத்து மிஷின்கள் எரிந்தால் அவற்றுக்குப் பணம் உண்டு. ஷார்ட் ஆன அந்த மோட்டாருக்குக் கிடையாது. தீ, வெள்ளம் போன்ற சம்பவத்தை ஒட்டி ஏழு நாளைக்குள் திருடு போனால் உண்டு. ஒன்றும் நடக்காத சாதாரண நாளில் பூட்டை உடைத்துப் போனால் அதற்குத் தனிப் பாலிசி. மூன்று மாதம் பட்டறை மூடிக் கிடந்து, ஆர்டர் அடுத்தவனுக்குப் போய், ஆட்களுக்குச் சும்மா சம்பளம் கொடுத்தது? அதற்கும் தனிப் பாலிசி. இதையெல்லாம் விற்கும்போது சொன்னால் பிரீமியம் கூடுதலாகவே வரும். இருந்தும் சொல்வதில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியவருக்கே தெரியாது. அவருக்கு மாத டார்கெட் தெரியும்.

2021 ஏப்ரல் 1 முதல் சிறுதொழிலுக்கென்றே எளிய பாலிசி வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கட்டாயமாக்கியது. ஓரிடத்தில் உள்ள சொத்து 5 கோடி வரை என்றால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. தொகையை 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தாலும் ஆவரேஜ் விதியைக் காட்டி வெட்டக்கூடாது என்பது அதில் உண்டு. நல்ல காரியம். யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர் வாயில் நுழையாத பெயரை வைத்து, பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி, வங்கியின் பீரோவில் பூட்டியாயிற்று. எளிமை என்றால் இதுவல்லவோ எளிமை!

கருத்தரங்கத் திரையில் வராத இன்னொன்றும் இருக்கிறது. நிறுவனம் கைவிரித்தாலோ, எழுத்தில் கொடுத்த புகாருக்கு ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ, குறுந்தொழில் நடத்துபவர் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. வியாபாரி என்ற ஒரே காரணத்துக்காக 'நீ நுகர்வோர் இல்லை' என்று காப்பீட்டு நிறுவனம் தள்ளிவிட முடியாது என்று 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இந்த இரண்டு வாசலுக்கும் கையில் காகிதம் வேண்டும். அதனால் இன்றைக்கே வங்கிக்குப் போய்ப் பாலிசி நகலை வாங்குங்கள். முகவரி உங்கள் இப்போதைய பட்டறைதானா, காலி செய்துவிட்டு வந்த பழைய குடோனா என்று பாருங்கள். நாளைக்கு கிளைம் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "இது வராது சார்" என்று போனிலேயே முடித்துவிடுவதுதான் அவர்களுக்குச் செலவில்லாத வழி. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஏனோ சுத்தமான தமிழில் சொல்வார்கள்.