நல்லாத்தான் தெரியுது!

நாற்பத்தைந்தைத் தாண்டிய யாரிடமாவது "கண்ணைப் பரிசோதித்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் தெரியுது" என்பார். சொல்லும்போதே செய்தித்தாளைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்திருப்பார். எழுத்தைப் பொடியாக்கியது அச்சகத்தார் குற்றம், வெளிச்சம் போதாதது பல்பின் குற்றம். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழந்து விறைத்துப்போவதால் வருவது இந்த வெள்ளெழுத்து. பாவம், அது பரம சாது; கண்ணாடி போட்டால் தீர்ந்தது. கையின் நீளம் போதாமல் போகிற நாளில் எல்லோரும் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். என் கவலை வேறு. இப்படித் தொல்லை கொடுத்து நம்மைக் கடைக்கு விரட்டுபவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. பார்வையையே பறித்துக்கொண்டு போகிறவை முனகக்கூட மாட்டா. ஆகவே 'நல்லாத் தெரியுது' என்பது எந்த வழக்கிலும் செல்லாத சாட்சி.

கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவைப் பாருங்கள். அதன் பரவலான வகையில் வலியில்லை, சிவப்பில்லை, உறுத்தல் இல்லை. பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பட்டுப்போகும். முதலில் ஓரப் பார்வை போகும். நடுப்பார்வை கடைசி வரை பிழைத்திருக்கும். அதனால் நோய் வந்தவர் தூரத்துப் பேருந்தின் பலகையைப் படித்துவிடுவார், பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். திட்டு விழுவது சொம்பை அங்கே வைத்தவருக்கு! இதற்கு இன்னொரு கண்ணும் உடந்தை. பக்கத்து நாற்காலிக்காரர் வராததை மேலதிகாரிக்குத் தெரியாமல் சமாளிக்கும் அலுவலக நண்பரைப் போல, கெட்ட கண்ணின் வேலையையும் நல்ல கண்ணே பார்த்து, கணக்கைச் சரிக்கட்டிவிடும். விட்டுப்போன இடத்தை மூளையும் தன் கைச்சரக்கைப் போட்டு நிரப்பிவிடும். சர்க்கரை நோயால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்போதும் இதே கதைதான்: ஆரம்பத்தில் பார்வை குறைவதே இல்லை. குறைந்த பிறகு போனால், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் பெரும்பாடு படவேண்டும்.

"எங்கள் தாத்தா எண்பது வயதில் கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படித்தார்" என்று எழும் மறுப்பு எனக்குத் தெரியும். தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் புரை விழத் தொடங்கும்போது சிலருக்கு வில்லையின் நடுப்பகுதி இறுகிக் கிட்டப்பார்வை வந்துவிடும். அதனால் படிக்கும் கண்ணாடி இல்லாமலே படிக்க முடியும். பஞ்சாங்கம் படித்த தாத்தாவுக்கு வாசலில் நிற்பது பேரனா, பால்காரரா என்று தெரிந்ததா என்பதையும் விசாரிக்க வேண்டும். அடுத்த கட்சி பொன்னாங்கண்ணிக் கட்சி. கீரையும் கேரட்டும் நல்லவைதான். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்கும். பட்டுப்போன நரம்பை அவை துளிர்க்க வைக்காது. பொன்னாங்கண்ணி தின்றால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்பார்கள். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டி, கரும்பூச்சிகள் கூட்டமாகப் பறந்தால் அது கீரையின் மகிமை அல்ல. விழித்திரை கிழிந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

"புரை முற்றட்டும்" என்று காத்திருப்பதும் பழைய அறுவை முறைகளின் காலத்து அறிவுரை. இன்றைய முறையில், முற்றிப் பாறையான புரையை எடுப்பதுதான் சிரமம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலானால் எடுத்துவிடலாம். செலவைக் காரணம் சொல்வதும் இங்கே எடுபடாது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் புரை அறுவை செய்து வளர்ந்தது. 1992-ல் அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையையும் மலிவாகச் செய்யத் தொடங்கியது. உண்மையில் அதிக விலை கொடுப்பவர், மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டுக்கொள்பவர்தான். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறும், புரையும் சீக்கிரம் வரும்.

ஆகவே கண்ணின் நலத்தைக் கண்ணிடமே கேட்காதீர்கள். நாற்பதுக்கு மேல் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொண்டு, அடுத்து எப்போது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். சர்க்கரை இருந்தால் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்குக் கிளாக்கோமா என்றால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் போகவேண்டும். பரிசோதனைக்காகக் கண்பாவையைப் பெரிதாக்கும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் கண் மங்கும்; துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் கண்ணையும் அப்படியே பார்த்துவிடலாம்.