வாட்டம்

கையில் மஞ்சப்பை, பைக்குள் கத்தரிக்காய்க்குப் பதில் நாலைந்து டைல்ஸ் துண்டுகள், சட்டைப் பையில் இஞ்ச் டேப். இப்படி ஒருவர் எதிரே வந்தால், அவர் வீட்டில் பாத்ரூம் வேலை நடக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேலை நடக்கிற வீட்டுக்காரருக்கு வெளியே வர நேரம் ஏது? இவர் அதற்கு முந்தைய பருவத்தில் இருப்பவர். ரிட்டயர்மென்ட் பணம் வந்தாயிற்று, பழைய பாத்ரூமைப் புதுசாக்குவது என்று வீட்டில் தீர்மானமும் நிறைவேறியாயிற்று. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதமாக ‘டைல்ஸா, வினைலா’ என்ற முச்சந்தியில் நிற்கிறார். இடம் 5-க்கு 8, மொத்தம் 40 சதுர அடி. மகளுக்கு வரன் பார்த்தபோது இரண்டே ஜாதகத்தோடு முடித்தவர், இந்த நாற்பது அடிக்குப் பதினேழு கடை ஏறி இறங்கியிருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் துண்டை நீட்டி, ‘தடவிப் பாருங்க, வழுக்குதா?’ என்று கேட்கிறார். ரசம் பட்ட விரலுக்கு எதுவும் வழுக்கும் என்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

இவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அளவுக்கு மீறி யோசிக்கிறார் என்று சிரிக்கிறார்கள். என் கட்சி வேறு. மேலே போடும் அரை அங்குலத்தைப் பற்றி யோசித்து யோசித்தே, அதற்கு அடியில் இருப்பதைப் பற்றி யோசிக்காமல் தப்பித்துவிடுகிறார் என்பதுதான் நான் சொல்ல வருவது. குளியலறைத் தரையை வாழவைப்பதும் சாகடிப்பதும் தண்ணீர். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ஓடாமல் நின்றால் எதற்குள் இறங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர் மஞ்சப்பையில் சாம்பிள் கிடையாது.

வினைல் அவர் வாழ்க்கையில் நுழைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில். நியூ ஜெர்சியில் இருக்கும் மகன், ‘அப்பா, இங்கல்லாம் யாரும் இடிக்கிறதே இல்ல. பழைய தரை மேலயே ஒட்டிட்டுப் போயிடுவாங்க’ என்கிறான். இடிக்க வேண்டாம் என்ற சொல் எந்தத் தகப்பன் காதிலும் தேனாகத்தான் பாயும். மகன் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டுக் குளியலறையைப் பற்றிச் சொல்கிறான். அங்கே குளியல், தொட்டிக்குள்ளோ கண்ணாடிக் கூண்டுக்குள்ளோ நடக்கிறது. வெளியே இருக்கும் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக ஓட்டைகூட இருக்காது. பல வீடுகளில் அந்தத் தரைக்கு அடியில் இருப்பது மரப்பலகை. தரை நனைந்தால் அவர்களுக்கு அது விபத்து, துண்டைப் போட்டுத் துடைப்பார்கள். நம் வீட்டில் தரை காய்ந்திருந்தால்தான் விபத்து: மோட்டார் ஓடவில்லை என்று அர்த்தம். வாளி, மக்கு, ஊறவைத்த துணி, வாஷிங் மெஷின் குழாய், வெளியே போய் வந்து கால் கழுவுகிறவர்கள் என்று காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை அங்கே ஐப்பசி மாதம்தான்.

வினைல் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. காலுக்கு இதமானது, கண்ணாடி பாட்டில் விழுந்தாலும் பிழைக்க வாய்ப்பு கொடுக்கும், தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் தண்ணீரை உறிஞ்சாதது ஷீட்டும் பலகையும். சுவரோடு சேருகிற ஓரமும், பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள கோடும் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடவில்லை. அந்த வழியே இறங்கிய தண்ணீருக்கு மேலே வரத் தெரியாது. வெயிலும் காற்றும் படாமல் அடியிலேயே தங்கும். சில மாதங்களில் பாத்ரூமில் எலி செத்துக் கிடக்கிறதா என்று வீடே தேடும். இப்போது எல்லாரும் சொல்லும் எஸ்பிசி வினைல் பலகைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்த விறைப்பான பலகைகளுக்குத் தரை சமதளமாக இருக்க வேண்டும். நம் பாத்ரூம் தரை சமதளமாக இருக்கவே கூடாது. வெளிநாட்டு மருத்துவமனைகளில் குளிக்கும் அறையிலேயே வினைல் போட்டிருக்கிறார்களே என்று நம்மவர் மடக்குவார். போட்டிருக்கிறார்கள்தான். அங்கே இணைப்புகளைச் சூடுகாட்டி உருக்கி ஒட்டி, ஷீட்டை வளைத்துச் சுவர் மேலும் ஏற்றி, தண்ணீர் போகும் ஜாலியோடு இறுக்கிப் பிடித்து, அந்த வேலையையே கற்றவர்கள் போட்டிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், தண்ணீர் ஓடும்படி அடித்தரையைச் சரித்திருக்கிறார்கள்.

ஆகவே நனைந்த பாத்ரூமுக்கு டைல்ஸ்தான் என்பது என் தீர்ப்பு. ஆனால் நம்மவர் டைல்ஸ் பக்கம் சாய்ந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை, பாஷை மாறுகிறது, அவ்வளவுதான். ‘ஜிவிடி’, ‘மேட் பினிஷ்’, ‘நீர் உறிஞ்சல் அரை சதவீதத்துக்கும் கீழே’ என்று பேத்தியைக் கொஞ்சும்போதுகூடச் சொல்கிறார். விட்ரிஃபைட் டைலைப் பொறுத்தவரை அரை சதவீதம் உண்மைதான். சுவருக்கு ஒட்டும் சாதா டைல் பத்து சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும், அதுவும் உண்மைதான். ஆனால் தண்ணீர் டைல் வழியாகப் போக ஆசைப்படுவதே இல்லை; இரண்டு டைலுக்கு நடுவே சிமெண்ட் கிரவுட் போட்ட சந்து இருக்கும்போது அது ஏன் கஷ்டப்பட வேண்டும்? வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடுகளில் டைல் பளபளப்பாக இருக்கும், கிரவுட் கரைந்து போயிருக்கும். மறுவாரம் கீழ்வீட்டுக்காரர், ‘சார், எங்க சீலிங்ல ஒரு மேப் வந்திருக்கு, வந்து பாருங்க’ என்று அழைப்பார்.

பிறகு ‘இத்தாலியன் டிசைன்’. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் குஜராத் மோர்பி. அதில் குறையொன்றும் இல்லை, நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி அங்கேதான் வேகிறது. வழுக்காத டைலுக்கு ஆர் 10, ஆர் 11 என்று எண்கள் உண்டு என்று அறிந்த நாளிலிருந்து ஆர் 11-க்குக் கீழே அவர் பேசுவதில்லை. அந்த எண் பிறந்த கதையைக் கடைக்காரர் சொல்வதில்லை. ஜெர்மனியின் டின் 51130 விதிப்படி, சரிவுமேடையில் எண்ணெய் ஊற்றி, ஷூ போட்ட ஆளை நடக்கவிட்டு அளந்து வைத்த எண் அது. பட்டறைக்குப் பொருத்தமான பரீட்சை. சோப்பு நீரில் வெறுங்காலோடு நடத்தும் பரீட்சை தனி, அது டின் 51097 விதியில் பிறந்தது, தருவது ஏ, பி, சி என்ற வகுப்புகள். பாத்ரூமுக்குள் ஷூவோடு போகிற தமிழர் எத்தனை பேர் என்று தெரியாமலே நம்மவர் ஆர் 11-ஐ ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் எழுபது வயதுப் பெரியவர் இருக்கும்போது வழுக்கலைப் பற்றி ஆராயாமல் இருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த விவகாரத்தில் ஒரே நியாயமான ஆராய்ச்சியும் அதுதான். சொரசொரப்பான டைல் பாதிப் பாதுகாப்பு. மீதிப் பாதி, சோப்புத் தண்ணீர் தேங்காமல் ஓடிப்போவதில் இருக்கிறது. அதற்குக் கொத்தனார்கள் வைத்த பெயர் வாட்டம். அளவும் அவர்களுடையதே: அடிக்கு ஒரு நூல். ஓர் அங்குலத்தில் எட்டு நூல். எட்டடி நீள பாத்ரூமில் வாசல் ஓரத்துக்கும் ஜாலிக்கும் ஓர் அங்குலம் ஏற்ற இறக்கம், மொத்த வித்தை அவ்வளவுதான். இந்த ஓர் அங்குலத்தைத்தான் பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டும் யோசனை விழுங்கிவிடுகிறது. பசையும் டைலுமாகத் தரை உயர்ந்து, வாசற்படியோடு சமமாகி, தண்ணீர் படுக்கையறைக்கு விருந்து வருகிறது. இந்த ஓர் அங்குலத்தைத்தான் நம்மவர் ஆசைப்படும் 2-க்கு 4 டைலும் கெடுக்கிறது. அவ்வளவு பெரிய பலகை ஒரு மூலையை நோக்கி வளைந்து கொடுக்காது. குறுக்கே வெட்டித்தான் போட வேண்டும். 1-க்கு 1 டைல் என்றால் மேஸ்திரி கை போன போக்கில் சரிந்து கொடுக்கும். ‘பழைய டிசைன்’ என்று அதை முதல் கடையிலேயே அவர் நிராகரித்தாயிற்று.

வாட்டமும் வாட்டர்ப்ரூஃபிங்கும் மேஸ்திரி வேலை, வீட்டுக்காரர் எதற்கு அதில் தலையிட வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். போடுவது அவர் வேலை. கேட்பது யார் வேலை? கெமிக்கல் பூசியபின் ஓட்டையை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிவைத்துப் பார்க்கிற சோதனைக்கு வாளித் தண்ணீரைத் தவிரச் செலவில்லை. நம்மவர் அதைக் கேட்பதில்லை. ‘வாட்டம் எப்படி மேஸ்திரி?’ என்று ஒருமுறை வாய் திறக்கிறார். ‘பாத்துக்கலாம் சார்’ என்று பதில் வருகிறது. பதினேழு கடைக்காரர்களையும் குறுக்கு விசாரணை செய்தவர் இந்த ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடுகிறார். காரணம் இல்லாமல் இல்லை. டைல்ஸ் கடையில் ஏசி இருக்கிறது, காபி கொடுக்கிறார்கள், ‘சார் நல்லா விவரமா கேக்கறாரு’ என்று பாராட்டவும் ஆள் இருக்கிறது. வாட்டத்துக்குக் கலர் கார்டு கிடையாது. வீடு பார்க்க வந்த எந்தச் சித்தப்பாவும் பாத்ரூம் கதவைத் திறந்து, ‘அடடா, என்ன வாட்டம்!’ என்று வியந்ததாகச் சரித்திரமில்லை.

வேலை முடிகிற அன்று மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் காட்டுவார். வீடே வாசலில் கூடி நிற்கும். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, ஜாலியை ஏறெடுத்தும் பார்க்காமல், வாஷ்பேசின் மூலைக்குப் போய்ச் சம்மணமிட்டு உட்காரும். ‘ரெண்டு நாள்ல செட் ஆயிடும் சார்’ என்பார் மேஸ்திரி. தரையா, தண்ணீரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தரைக்கு வராத வாட்டம் நம்மவர் முகத்துக்கு வந்துவிடும். மறுநாள் காலை அதே மஞ்சப்பையோடு பாத்திரக்கடை வாசலில் நிற்பார், தேங்கின தண்ணீரைத் தள்ள ஒரு வைப்பர் வேண்டும். ரப்பர் வைத்தது ஒன்று, ஃபோம் வைத்தது ஒன்று என்று கடைப்பையன் இரண்டை எடுத்து நீட்டுவான். அவர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்பார்: ‘தம்பி, இதுல சாம்பிள் கிடைக்குமா?’