காதால் ஓட்டும் சாரதி

மனிதர்களில் கண்ணால் வண்டி ஓட்டுகிறவர்கள் பலர்; காதால் ஓட்டுகிறவர்கள் வெகு சிலர். இந்தச் சிலரில் ஒருவரைத் தரிசிக்க விரும்புகிறவர்கள், மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமாகக் குறிக்கப்பட்ட ஜூன் 12-ஆம் தேதி கழிந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து வயலுக்கும் வந்து சேர்ந்து, குறுவைச் சாகுபடிக்காக ஊரே உழவு வண்டி தேடி அலைகிற சமயம் பார்த்து, மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் உள்ள ஏதாவதொரு கிராமத்துக்கு விடியற்காலத்தில் போய்ச் சேர வேண்டும். அங்கே களத்து மேட்டில், புங்க மரத்தடியில், ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்று யூகிக்கத்தக்க ஒரு டிராக்டர், சரிவைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அது அப்படி நிற்பது அழகுக்காக அன்று. பேட்டரி எந்தக் காலையில் கைவிடும் என்பதை ஈசுவரன் ஒருவனே அறிவானாகையால், முந்தின நாள் சாயங்காலமே சரிவு பார்த்து நிறுத்திவிடுவது முன்யோசனையுள்ள சாரதிக்கு லட்சணம். சமதரையில் டிராக்டரை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற டிரைவரை நமது பெரியவர் மனிதனாகவே மதிப்பதில்லை.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் காவிரிப் படுகையில் ஊருக்கு ஒருவராவது அவரைப் போல் இருப்பதால், பெயர் சொல்லி ஒருவரை மட்டும் கௌரவிப்பது மற்றவர்களுக்கு மனஸ்தாபம் உண்டாக்கும். மடித்துக் கட்டிய கைலி, தலையில் முண்டாசு, காதிடுக்கில் ஒரு பீடி, காலில் செருப்பில்லை. செருப்பில்லாததை வறுமையின் அடையாளம் என்று நினைக்கிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் விடுகிறது என்பதை உள்ளங்கால் ஒன்றுதான் அறியும் என்பதும், நடுவே ஒரு ரப்பர்த் துண்டு வந்துவிட்டால் அந்த ஞானம் மறைந்துபோகும் என்பதும் அவருடைய சித்தாந்தம்.

காலையில் அவர் வண்டியை எழுப்புகிற முறை, திருப்பள்ளியெழுச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. முதலில் ஒரு பிரதட்சிணம். பிறகு, டீசல் பில்டரின் அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை. ஆயில் குச்சியை உருவி, முண்டாசின் முனையால் துடைத்து, மறுபடியும் விட்டெடுத்து அளவு பார்த்து, இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து, திருப்தியோ அதிருப்தியோ இன்னதென்று வெளிக்குத் தெரியாத ஒரு 'ம்'. ரேடியேட்டருக்கு ஒரு சொம்புத் தீர்த்தம். ஸ்டேரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளல். இவ்வளவும் ஆன பிற்பாடு ஹீட்டரைக் கொடுத்து, பீடி பற்ற வைக்கிற நேரம் பொறுத்து, செல்ப் அடித்தாரானால், எஞ்சின் இரண்டு தரம் இருமி, ஒரு தரம் தும்மி, புங்க மரத்துக்குக் கரும்புகையால் அபிஷேகம் செய்துவிட்டுக் கண் விழிக்கும். அப்போது அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "மூணாவது சிலிண்டர் கொஞ்சம் முணங்குது தம்பி. நேத்து ஊத்துன டீசலு சரியில்ல" என்பார். பக்கத்தில் நிற்கிற நமக்கோ மூன்று சிலிண்டரும் ஒரே குரலில் அலறுவதாகத்தான் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாற்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாசம் செய்த காரணத்தால் அவருக்குக் காது பாதி போய்விட்டது. வீட்டில் அம்மாள் சோற்றுக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும். கடன் பாக்கி விஷயமாய் வாசலில் வந்து நிற்கிறவர்கள் ஒன்பது தரம் கூப்பிட்டாலும் பிரயோஜனமில்லை. ஆனால் கால் மைலுக்கு அப்பால் எவனோ ஒருவன் தவறான கியரில் மேடு ஏறினால், வாய்க்குப் போகிற கை பாதியில் நின்றுவிடும். "பாவிப் பய, வண்டியக் கொல்லுறான்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளம் எடுப்பார்.

சேற்றுழவில் அவரைப் பார்க்க வேண்டும். பின் சக்கரங்களின் பக்கத்தில் கேஜ் வீலை மாட்டிக்கொண்டு, கை ஆக்ஸிலேட்டரை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, இடது பிரேக் வலது பிரேக் என்று தனித்தனியாக உள்ள இரண்டு மிதிகளையும் தவில் வாசிக்கிற லாவகத்தோடு மாற்றி மாற்றி மிதித்து, வயல் மூலையில் அந்தப் பெரிய பிராணியைக் குடை போல் சுழற்றித் திருப்புவார். தொளி ஆழமான இடம் வந்தால், சக்கரம் புதைவதற்கு முன்பே எஞ்சின் குரல் தடிப்பதைக் கேட்டு லிப்டைத் தூக்கிவிடுவார். அப்போது வாய் தன்னை அறியாமல் "ஹேய், ஹேய்" என்று அதட்டும். அது அவர் தகப்பனார் மாட்டை அதட்டிய அதே அதட்டல். வண்டியிலுள்ள மணி காட்டும் மீட்டர் நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டபடியால், கூலிக் கணக்கைச் சூரியனைப் பார்த்துத்தான் சொல்லுவார். மேகம் மூடிய நாட்களில் அந்தக் கணக்கு வயல்காரருக்குச் சிறிது பாதகமாக முடிவதுண்டு என்று ஊரில் ஓர் அபவாதம் இருக்கிறது.

இந்த வண்டியின் வம்சாவளி கௌரவமானது. கலப்பையைச் சங்கிலி போட்டுப் பின்னால் இழுப்பதை விடுத்து, மூன்று இடங்களில் டிராக்டரின் உடம்போடு பிணைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்யும் யுக்தியைப் பிரசித்தமாக்கியவர் ஹாரி பெர்கூசன் என்ற அயர்லாந்துக்காரர். அவருடைய கம்பெனி 1953-ல் கனடா தேசத்து மாசி-ஹாரிஸ் கம்பெனியோடு கலந்தது. 1960-ல் சென்னையில் டாபே கம்பெனி ஸ்தாபிதமாகி, மாசி பெர்கூசன் வண்டிகளை இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் தஞ்சாவூர் ஜில்லா, தீவிர விவசாயத் திட்டத்துக்கென்று பொறுக்கியெடுத்த ஜில்லாக்களில் ஒன்றாயிற்று. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்து சேர்ந்ததும், ஒரு போகத்தை அறுத்து அடுத்த போகத்துக்கு உழுவதற்குள்ள நாட்கள் சுருங்கிவிட்டன. மாட்டின் நடை போதாமற்போயிற்று. பெர்கூசனை வாயில் நுழைக்க முடியாத ஊரார், வண்டியை 'மாசி' என்றார்கள். மாசி என்று பெயர் வாங்கியும் அது பன்னிரண்டு மாதமும் உழைத்தது.

அந்த நாளில் இவருடைய தகப்பனார், வரப்பில் நின்று முதல் டிராக்டரைப் பார்த்துவிட்டு, இரும்பை வயலில் இறக்கினால் பூமி கெட்டிப்படும், சாணி போடாத உழவும் ஓர் உழவா என்று கேட்டவர். மகன் வண்டி ஓட்டப் போன தினத்தில் கிழவர் சாப்பிடவில்லையாம். இந்தக் கதையை நம் பெரியவர் வெகு ரசமாகச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்த கையோடு, அதே வாயால், புதிய டிராக்டரைப் பற்றிக் கிழவர் சொன்னதையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லுவார். இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

புதிய டிராக்டர் அந்த ஊர்ப் பண்ணை ஒன்றுக்கு வந்தது சமீபத்தில்தான். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் புகை விதிகள் கடுமையாகிவிட்டன. எஞ்சினுக்குள் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் மின்னணுப் பெட்டியின் கைக்குப் போய்விட்டது. அத்தகைய வண்டி அது. நான்கு சிலிண்டர், ஒற்றை விரலால் திருப்பத்தக்க பவர் ஸ்டேரிங், கண்ணாடி அடைத்த குளிர்சாதன அறை, உடம்பை ஏந்திக்கொள்ளும் ஆசனம். அதை ஓட்டுகிறவன் பெரியவருடைய அக்காள் மகன். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவன். உழுதுகொண்டே பாட்டுக் கேட்பான். எஞ்சின் பாடிக்கொண்டிருக்கும்போது வேறு பாட்டு கேட்கிறவனை என்னவென்று சொல்வது என்று பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் அந்த வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கொன்று மினுக்கியது.

"என்னடா அது, கண்ணச் சிமிட்டுது?"

"பில்டர்ல தண்ணி இருக்குதுன்னு சென்சார் சொல்லுது மாமா."

"அதச் சொல்ல ஒரு வெளக்கா? குனிஞ்சு பாத்தா தெரியாது?"

"குனியறதுக்கு உங்களுக்குத்தான் இடுப்பு இல்லையே மாமா!"

பையன் சொன்னது வாஸ்தவம். பழைய வண்டியின் இரும்பு இருக்கை, ஒவ்வொரு மண்கட்டியின் சமாசாரத்தையும் முதுகெலும்புக்கு உடனுக்குடன் அனுப்பிவைக்கும். இரவில் அம்மாள் தைலம் தேய்த்துவிடாவிட்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. புழுதி உழவு முடிந்து வந்தால் இரண்டு நாளைக்கு இருமலில் மண்ணே வரும். சேற்றில் ஸ்டேரிங்கைப் பிடித்து இழுத்து இழுத்துத் தோள்பட்டை இரண்டும் இறங்கிப் போயின. பையனோ ஒரு பகல் முழுதும் உழுதுவிட்டு, சட்டை கசங்காமல் இறங்கிச் சினிமாவுக்குப் போகிறான். பழைய வண்டிகளில் டிரைவர்கள் இடுப்பைக் கொடுத்துச் செய்த வேலையை இடுப்பு நோகாமல் செய்துவிட முடியும் என்றால், அதைக் குறைசொல்லுவது தர்மமாகாது.

சென்சார் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவருக்குக் குமட்டும். ஆனால் அவர் கொண்டாடுகிற பழைய வண்டியிலேயே, புழுதி உழவின்போது கலப்பை இறுகிய மண்ணில் பட்டுத் திணறினால், மேற்கம்பியின் மேல் விழும் அழுத்தத்தை உணர்ந்து லிப்ட் தானாகவே கலப்பையைச் சற்றுத் தூக்கி, மண் இளகினதும் இறக்கிவிடுகிறது. பெர்கூசன் செய்த வித்தையின் உயிர் அதுதான். மின்சாரம் இல்லாமல், இரும்பாலும் எண்ணெயாலும் செய்த சென்சார் என்று அதைச் சொன்னால் பிழையில்லை. நான் இதை ஒரு நாள் மிகுந்த பணிவோடு எடுத்துச் சொன்னேன். அவர் என்னைக் கருணையோடு பார்த்து, "அது சென்சார் இல்ல தம்பி. அது பழக்கம். நான் பழக்கி வச்சிருக்கேன்" என்றார். இதற்கு மேல் பெர்கூசனே வந்தாலும் வாதாட இயலாது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. வேலை மும்முரமான ஒரு நாளில் புதிய வண்டி நடுவயலில் நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. வந்தவர் பையைத் திறந்து ஒரு கம்ப்யூட்டரை எடுத்து, வண்டியின் வயிற்றில் ஒரு கம்பியைச் சொருகி, திரையை வாசிக்கத் தொடங்கினார். வரப்பில் குந்தியிருந்த பெரியவர் வெகு நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஸ்பேனர் கொண்டாரலையா சார்?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். அவருடைய வண்டி நிற்காத வண்டி அன்று. வாரத்துக்கு ஒரு தரம் நிற்கும். நின்றால், ஏர் பிடித்திருக்கிறது என்று கண்டு, பில்டரின் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, டீசலோடு வருகிற குமிழி அடங்கித் தாரை சுத்தமாகும் வரையில் பொறுத்திருந்து, திருகை முடுக்கி, பீடி அணைவதற்குள் மறுபடி ஓட்டிவிடுவார். புதிய வண்டி அபூர்வமாகத்தான் கெடுகிறது; கெட்டால் அதன் பக்கத்தில் அவரும் நானும் ஒன்றுதான். நாற்பது வருஷத்து வித்தைக்கும் ஒன்றும் தெரியாதவனுக்கும் வித்தியாசமில்லாமற்போகிற இடத்தில் நிற்பதற்கு எந்த மனிதனுக்குத்தான் சம்மதம் வரும்? பழைய வண்டி அவரைத் தொந்தரவு செய்கிறது. தொந்தரவு செய்கிற ஒவ்வொரு தடவையும், நீ இல்லாமல் எனக்கு ஆகாது என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

தை மாதத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்குகிற அறுவடை மிஷின்களோடு அவருக்குப் பகையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றை அவர் வண்டி என்று கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வயலைத் தேடி நடந்து வந்த ரைஸ் மில் என்பது அவர் அபிப்பிராயம். டிராக்டர்களுக்குள்ளும் அவர் ஒரு பேதம் வகுத்திருக்கிறார். புதியதற்கு ஆயுத பூஜை தினத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு மரியாதை முடிந்தது. பழையதற்கோ மாட்டுப் பொங்கலன்று வாய்க்காலில் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொங்கலும் காட்டியாக வேண்டும். ஒன்று ஆயுதம், மற்றொன்று மாடு.

போன சித்திரையில், தலை வெடிக்கும் வெயிலில், பையன் வெகுவாக வற்புறுத்தி அவரைப் புதிய வண்டியின் கண்ணாடி அறைக்குள் ஏற்றி உட்கார வைத்தான். கதவைச் சாத்தினான். குளிர்ந்த காற்று வந்தது. பெரியவர் மாப்பிள்ளை போல் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, "எப்ப ஸ்டார்ட் பண்ணப் போற?" என்றார்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மாமா."

அவர் முகம் மாறிற்று. காது போய்விட்டதா, சத்தம் போய்விட்டதா என்று நிச்சயிக்க முடியாமல் அவர் திகைத்ததை நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறு பக்கம் சாய்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, காலடியில் விரித்திருந்த ரப்பர் மெத்தையைச் சுருட்டி ஒதுக்கி, வெறும் இரும்பின் மேல் உள்ளங்காலைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பீடி நேரம் கழிந்திருக்கும்.

"எத்தன சிலிண்டர்டா இது?"

"நாலு மாமா."

"ரெண்டாவது கொஞ்சம் முணங்குது."

பையன் சிரித்தான். முகப்புத் திரையைப் பார்த்தான். அதில் ஒரு விளக்கும் மினுக்கவில்லை. மறுபடி மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து வெயிலில் இறங்கி, முன்புறம் போய், பானட்டைத் தூக்கினான்.