ஒமேகாவுக்கு வாக்கப்பட்ட பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஜெனிவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடத்துல ஈயத்தை ஈயத்தோட மோதவிட்டு வேடிக்கை பாக்கப் போறியாமே? ஆலிஸ்கிட்ட வேலைன்னு நீ சொன்னதும் ஒங்கம்மைக்குப் பாதி உசுரு போயிட்டு. அது தரைக்குக் கீழ கெடக்க பத்தாயிரம் டன் கருவின்னு வெளக்கின பொறவுதான் அவளுக்கு மூச்சே வந்துது. போறதுதான் போற, கெழவன் சொல்லையும் கொஞ்சம் காதுல போட்டுட்டுப் போ.

நீ தேடுத விந்தைக் குவார்க்குங்க துகள் ஈயத்துலயும் புரோட்டான்லயும் நெலையாக் கெடையாது. அங்க நெலையா இருக்கதெல்லாம் மேல், கீழ்னு ரெண்டு வகைக் குவார்க்குதான். மோதின பொறவு விந்தை தட்டுப்பட்டா, அது அந்த எடத்துலயே பொறந்ததுன்னு அர்த்தம். இதைப் புடிச்சுக்கிட்டுத்தான் 1982-ல ரஃபெல்ஸ்கியும் முல்லரும் ஒரு யோசனை சொன்னாவ: சூடு 1.8 லட்சம் கோடி டிகிரியத் தாண்டி, புரோட்டான் நியூட்ரான் எல்லாம் உருகிக் குவார்க்-குளுவான் பிளாஸ்மா ஆயிட்டுன்னா, குவார்க்கை ஒட்டவைக்க குளுவானும் குளுவானும் முட்டி விந்தை, எதிர்விந்தைன்னு சோடி சோடியாத் தள்ளும். எண்ணிப் பாத்தாப் போதும், குட்டு வெளிப்பட்டுரும்னு.

எண்ணுதது லேசுன்னு நெனைக்காத. மூணு விந்தையைச் சுமக்க ஒமேகாத் துகள் ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஓடுததுக்குள்ள பெரும்பாலும் லாம்டா, கேயான்னு ரெண்டு துகளா ஒடஞ்சிரும். அந்த லாம்டாவும் தள்ளிப் போயிப் புரோட்டானும் பையான்னு ஒரு துகளுமாப் பிரியும். நீ பாக்கது செத்தவன் விட்டுட்டுப் போன தடம். அதுவும் ஆயிரக்கணக்கான தடத்துக்கு நடுவுல! சம்பந்தமே இல்லாத புரோட்டானையும் பையானையும் சோடி சேத்துட்டு “லாம்டா, லாம்டா”ன்னு குதிக்காத. நிறையைக் கணக்குப் போட்டுப் பாரு, பொறந்த புள்ளி ஒண்ணுதானான்னு பாரு, அதுக்குப் பொறவு குதி.

செர்ன்ல ஈய மோதல்ல ஒமேகா பத்து மடங்குக்கு மேல கூடிச்சு. 2000 பிப்ரவரியில, மத்த சாட்சியையும் சேத்து, புது நிலைப் பொருள் கெடச்சிட்டுன்னு அறிவிச்சாவ. நல்ல சேதிதான். ஆனா எதோட ஒப்பிட்டு ‘கூடிச்சு’? சின்ன மோதலோட. அங்கதாம்லே வில்லங்கம். விந்தைக்கு எதிர்விந்தை சரிக்குச் சரி இருந்தாகணும். சின்ன மோதல் சின்னக் குடும்பம் மாதிரி: ஒருத்தன் மூணு ரூவா பற்று எழுதினா, அதே குடும்பத்துல அப்பவே மூணு ரூவா வரவு காட்டணும். ஈய மோதல் மாதிரி ஊர்ப் பொதுக்கணக்குன்னா வரவு எந்தத் தெருவுலயும் இருக்கலாம். அப்போ ஈயத்துல கூடிச்சா, இல்ல புரோட்டான்ல எடமில்லாம கொறஞ்சு கெடந்துச்சா?

போதாக்கொறைக்கு 2017-ல ஆலிஸ்காரவ இன்னொண்ணை வெளியிட்டாவ. வெறும் புரோட்டான் மோதல்லயே, வெளிய வார துகள் கூட்டம் பெருகப் பெருக, பையானை வச்சுப் பாத்தா விந்தைத் துகளும் பெருகுது. விந்தை எத்தனை கூடவோ அத்தனைக்கு ஏத்தமும் கூட. அதுல ஒமேகாதான் முன்னால நிக்கா. புரோட்டான் மோதல்லயும் பிளாஸ்மாத் துளியா, இல்ல வேற எதுவுமான்னு இன்னும் வழக்கு ஓடிக்கிட்டு இருக்கு. பிளாஸ்மாவே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஈயத்துக்கு வேற சாட்சியும் கெடக்கு.

2025-ல ஆக்சிஜனையும் மோதவிட்டாச்சு. ஈயத்துக்கும் புரோட்டானுக்கும் நடுவுல உள்ள ஆளு அவன். நீ ஆக்சிஜன் பக்கம் ஒதுங்கிக்கோ. பெரியவனும் சின்னவனும் அடிச்சுக்கிடும்போது நடுவுல உள்ளவன்கிட்டதான் ரெண்டு தரப்பும் காப்பி வாங்கிக் குடுத்து விசாரிப்பாவ.