மப்பிறங்கு படலம்: ஓர் ஆராய்ச்சி

ஒரே மேசை, ஒரே பாட்டில். அளவும் ஒன்றேதான் என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள். மறுநாள் காலையில் ஒருவர் தலையைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு சுவரை வெறிக்கிறார். மற்றவர் நாலு இட்லியை முடித்துவிட்டு ஐந்தாவதுக்குச் சட்னி கேட்கிறார். கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கிய வள்ளுவர், இந்த ஓரவஞ்சனைக்கு ஒன்றுகூட ஒதுக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் ஈரல். ஆல்கஹால் அங்கே அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. இன்னொரு நொதி அந்த நச்சை அசிட்டேட்டாக்கிச் சாதுவாக்குகிறது. கிழக்காசிய மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த இரண்டாம் நொதி பிறவியிலேயே மந்தம். ஒரு கிளாஸ் இறங்கியதும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அவர்கள் விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தண்டனை உடனே கைமேல். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையும் இதே நொதியைத்தான் முடக்குகிறது. மற்றவர்களுக்கோ, இரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் தலைவலி உச்சத்துக்குப் போகிறது. குற்றவாளி ஊரைவிட்டுப் போனபின் வெடிக்கும் கலவரம் மாதிரி.

அடுத்து சரக்கின் நிறம். அடர்நிறப் பூர்பன் விஸ்கியில் உள்ள உபரி வேதிப்பொருள்கள் நிறமற்ற வோட்காவில் இருப்பதைப்போல் 37 மடங்கு. இரண்டையும் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பூர்பன் குடித்தவர்களே மறுநாள் அதிகம் முனகினார்கள். ஆனால் கவனத்தைச் சோதித்தபோது இரு தரப்பும் ஒரே லட்சணம்.

பீருக்குப் பின் ஒயினா, ஒயினுக்குப் பின் பீரா? இந்தத் தத்துவச் சிக்கலை 2019இல் ஜெர்மனியில் 90 பேரைக் குடிக்கவைத்துத் தீர்த்தார்கள். வரிசைக்கும் தலைவலிக்கும் சம்பந்தமில்லை. (அறிவியலுக்காக உடலைத் தியாகம் செய்ய சில துறைகளில் ஆள் சுலபமாகக் கிடைக்கிறது.) எவ்வளவு போதை ஏறியதாக உணர்ந்தார்கள், வாந்தி எடுத்தார்களா என்பவைதான் மறுநாளின் நிலையை முன்கூட்டிச் சொன்னவை.

மரபுக்கும் பங்குண்டு. ஆஸ்திரேலிய இரட்டையரிடம் நடந்த ஆய்வு, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை மரபணுக்களின் கணக்கில் எழுதியது.

எஞ்சியிருப்பவர், “எனக்கு ஹேங்ஓவரே வராது” என்று மார்தட்டும் மகானுபாவர். கனடா மாணவர்களிடம் விசாரித்தபோது அப்படிச் சொன்னவர்களில் ஐந்தில் நால்வருக்கு, கணக்கிட்டுப் பார்த்தால், இரத்த ஆல்கஹால் 0.10 சதவீதத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. குறைவாகக் குடித்ததுதான் ரகசியம்!

ஆனாலும் அந்த ஐந்தாவது ஆள் அசல் பிறவியாக இருக்கலாம். அவரைப் பற்றி விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது. சரக்குச் செலவைப் பல்கலைக்கழக மானியக் குழு பெரிய மனதுடன் ஏற்றுக்கொள்ளுமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.