லைசென்ஸ் வைத்த ட்ரோன்காரர்

காசிமேட்டில் அடுக்குமாடி கட்டும் புரோமோட்டருக்கு ஒரே ஆசைதான். வங்கக் கடல் பத்திரத்தில் வராவிட்டாலும் விளம்பர வீடியோவிலாவது வந்துவிட வேண்டும். மூன்றாவது மாடியில் நின்று பார்த்தால் ஐஸ் கம்பெனிக் கூரைதான் தெரிகிறது. அதனால் ட்ரோன்.

ட்ரோன்காரர்களில் இரண்டு ரகம். மாப்பிள்ளையின் தலைக்கு மேலேயே விட்டு மாலைப் பூவை உதிர்ப்பவர் முதல் ரகம். எது கேட்டாலும் “எடுத்துடலாம் சார்” என்பார். இரண்டாம் ரகம் லைசென்ஸ்காரர். இவர் எது கேட்டாலும் “பார்க்கணும்ணே” என்பார்.

இவர் பெட்டியைத் திறந்தால் ட்ரோனுக்கு முன்னால் ஃபைல் வெளியே வரும். பத்து வருஷம் செல்லுபடியாகும் ரிமோட் பைலட் சான்றிதழ், ட்ரோனின் தனி அடையாள எண், தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். எல்லாம் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி. 250 கிராமுக்கு உட்பட்ட நானோவுக்குச் சான்றிதழ் வேண்டாம். இரண்டு கிலோ வரையிலான மைக்ரோவுக்கும் தொழிலாக இல்லாவிட்டால் வேண்டாம் என்று பொறுமையாக விளக்குவார். விளக்கியிருக்கக் கூடாது.

“அப்ப காசு வாங்காம எடுத்துக் குடேன் தம்பி.”

“நான் வாங்காட்டியும் நீங்க வீடு விக்கறீங்களேண்ணே.”

அடுத்து போனில் டிஜிட்டல் ஸ்கை வரைபடம். பச்சை என்றால் 400 அடி வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசு.

“ஏர்போர்ட்டு மீனம்பாக்கத்துல கீது. இங்க இன்னாத்துக்கு இதெல்லாம்?”

“ஏர்போர்ட் தூரம்தாண்ணே. ஹார்பர் பக்கத்துல இருக்கே.”

“பொறந்ததுலேர்ந்து நான் ஹார்பர் பக்கத்துலதான் கீறேன். எவனாவது பர்மிஷன் கேட்டானா?”

அதற்கு அவர் பதில் சொல்வதில்லை, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். மனை பச்சையில் விழவில்லையென்றால், நீளமான மூங்கிலில் கேமராவைக் கட்டி எடுக்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரே வியாபாரி இவர்தான். பறக்காததற்குக் கூலி கேட்பதும் இல்லை. இப்படி இருந்தால் எப்படிப் பிழைப்பாரோ!

பச்சையே ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மாட்டேன் என்பார். வஞ்சிரம் வாங்க வந்த ஜனம் அத்தனையும் கீழே நிற்கும். மேலே, மீன் குடலுக்கு வட்டமிடும் பருந்துகள். அவற்றுக்கு அடையாள எண்ணும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. போதாக்குறைக்கு மாஞ்சா. போலீஸ் எத்தனை தடை போட்டாலும் வடசென்னை மொட்டை மாடிகளில் காத்தாடி ஏறாமல் இருப்பதில்லை. சட்டத்தை மதிப்பவருக்கு அதைவிட அதிகமாக மாஞ்சாவிடம் பயம்.

ஒருவழியாகக் காற்று அடங்கிய ஒரு நாளில் ட்ரோன் ஏறி இறங்கும். புரோமோட்டர் திரையில் பார்ப்பார். கடல் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் நடுவே ஐஸ் கம்பெனி, காயப்போட்ட வலை, அதற்கும் நடுவே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை வரிசையாய்.

“இன்னா தம்பி, லாரியத்தான் எடுத்துக்கீற!”

“இருக்கறதுதாண்ணே வரும்.”

“லாரியத் தூக்கிட்டு, கடலக் கொஞ்சம் கிட்ட இழுத்து வெச்சுக் குடு.”

“அது எடிட்டர் வேலைண்ணே” என்று ஃபைலை மூடுவார்.

எடிட்டர் மண்ணடியில் இருக்கிறார். அவரிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. யாரும் கேட்பதும் இல்லை. சாயங்காலத்துக்குள் கடல் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்.