இறப்பர் மலைக்கும் குளிர்காலம் உண்டு

எட்டியாந்தோட்டையிலிருந்து ஒரு மாணவி: இங்கிலீசுப் பாடத்தில் ஒரு குடும்பம் நத்தார் விடுமுறையில் கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு பனி விழுந்த வயல்வழியே நடந்து போகிறது. நமக்கு அப்படி ஒரு குளிர்காலம் இல்லையே?

இருக்கிறது மகள், உங்கள் லயத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. தை பிறந்ததும் இறப்பர் மலையை ஒருதரம் அண்ணாந்து பார். நடுப்பகலிலும் இருண்டு கிடந்த மலை மஞ்சளாகும், செம்பாகும், சில கிழமைக்குள் மொட்டையாக நிற்கும். இதற்குத் துரைமார் வைத்த பெயரே ‘வின்டரிங்’, அதாவது மரம் குளிர்காலம் காண்பது. இங்கே வெயில் அடித்தாலும் மரத்துக்கு அது குளிர்காலம்தான். தேயிலை மலை வருசம் முழுக்க ஒரே பச்சை. அதற்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஒரு காம்புக்கு மூன்று இலையாகச் சருகு விழுந்து மெத்தை போட்டிருக்கும், கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். இலை இல்லாததால் எதிர்மலை லயமும் கோயில் கோபுரமும் ஆற்று வளைவும் பளிச்சென்று தெரியும். சில கிழமை கழித்துப் போனால் செம்பு நிறத் தளிரும், பிறகு பொடிப் பொடியாய் மஞ்சள் பூவும். லீவு நாளில் வீட்டாரோடு அங்கே ஒருதரம் நடந்து பார். கையுறை ஒன்றுதான் நமக்குத் தேவையில்லை.

கேகாலையிலிருந்து ஒரு வாசகர்: இந்த மரமே இங்கிலாந்திலிருந்து வந்ததுதானே?

வழியில் அங்கே இறங்கி ஏறியது, அவ்வளவுதான். பிறந்த ஊர் பிரேசில். 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டு விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடி வீட்டில் முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 அதே வருசம் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் வேரூன்றின. நம் பாட்டன் பூட்டனைப் போலவே இந்த மரமும் கடல் தாண்டி வந்ததுதான்.

தெஹியோவிட்டையிலிருந்து ஒரு பால்வெட்டுத் தொழிலாளி: விடியமுன்னம் எழும்பி மலைக்குப் போறேன். லீவு நாளிலும் நடக்கச் சொன்னா கால் என்னத்துக்கு ஆகும், ஐயா?

அக்கா, உங்கள் கேள்விதான் இந்த முறை வந்ததிலேயே கனமானது. இருட்டோடு இருட்டாகப் போய் இருநூற்றைம்பது முந்நூறு மரம் வெட்டி, சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, வாளி சுமந்து இறங்குகிற காலுக்கு ஓய்வு வேண்டும். அதை யாரும் மறுக்கக்கூடாது. முதலில் நன்றாகத் தூங்குங்கள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த மலையில் நீங்கள் எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பீர்கள்! அதில் ஒரு தடவையாவது கத்தியும் வாளியும் இல்லாமல், வெறுங்கையோடு நடந்ததுண்டா? தோட்டத்தில் ‘மலைக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்றே அர்த்தம். அதே சொல்லுக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணித்தியாலம், வேறு அர்த்தம் கொடுத்துப் பாருங்கள். எந்த மரம் அதிகம் பால் தரும், எந்தப் பட்டையை யார் காயப்படுத்தினார்கள், பாம்புப் புற்று எங்கே, மழைக்கு ஒதுங்கிய பாறை எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போங்கள். அந்த மலையின் முழு வரலாறும் உங்கள் காலில் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கப் போவதில்லை. ரொட்டியும் கட்டச்சம்பலும் போத்தலில் தேத்தண்ணியும் அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரர் கட்டட்டும். சுமக்கிற வேலையும் அவருக்கே.

இறக்குவானையிலிருந்து ஓர் இளைஞர்: தோட்டத்துக்குள்ளே சும்மா நடந்தால் ‘இங்கே என்ன வேலை’ என்று கேட்பார்களே?

கேட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள், முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தம்பி, அந்தக் கேள்விக்கு வயது அதிகம். ஒரு காலத்தில் கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்ததென்று ‘துண்டு’ வாங்காமல் ஒரு தோட்டத்துத் தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

இங்கிலாந்துக்காரருக்கும் வயல்வழி நடை இனாமாகக் கிடைக்கவில்லை. பறவை வேட்டைக்காகப் பெரிய மனிதர்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் 1932 ஏப்ரல் 24இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் சில நூறு பேர் வேண்டுமென்றே ஏறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் அங்கே சட்டம் வந்தது 1949இல். பாடப்புத்தகக் குடும்பம் கையுறையோடு நடக்கிற பாதைக்குப் பின்னால் ஆலைத் தொழிலாளரின் கால்களும் இருக்கின்றன. அதையும் அந்தப் பாடத்தில் சேர்த்திருந்தால் எட்டியாந்தோட்டை மாணவிக்கு இன்னும் பிடித்திருக்கும்.

குருவிட்டையிலிருந்து ஒரு வாசகி: அட்டைக்கு என்ன செய்ய?

தேசிக்காய். 1344இல் சிவனொளிபாத மலை ஏறிய மொரோக்கோப் பயணி இபின் பதூதாவே இந்த வைத்தியத்தை எழுதிவைத்திருக்கிறார். இந்த ஊர்க்காரர் கையோடு எலுமிச்சை வைத்திருந்து அட்டைமேல் பிழிவார்களாம். ஏறத்தாழ எழுநூறு வருசமாகியும் அட்டை மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போனால் கூடுதல் காவல்.

பெல்மதுளையிலிருந்து ஒரு தகப்பன்: சின்னப் பிள்ளைகளோடு இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாதம் ஏறலாமா?

பலாபத்தல வழி பழைய வழி, அழகான வழி, நீண்ட வழி. ஹட்டன் பக்கத்து நல்லதண்ணி வழியைவிட அதிக நேரம் காட்டுக்குள் ஏறவேண்டும். பத்து வயதுக்குக் கீழே என்றால் என் ஓட்டு நல்லதண்ணிக்கே. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை பருவகாலம். வழி நெடுக வெளிச்சமும் தேநீர்க் கடையும் ஆள் துணையும் இருக்கும். பலாபத்தல வழியை மூத்த பிள்ளைகளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். இரண்டு நாள் விடாமல் மழை என்றால் மலைச்சரிவில் எந்த நடையும் வேண்டாம். 2016 மே மாத மண்சரிவில் அரநாயக்கவும் புளத்கொஹுபிட்டியவும் பட்டதைக் கேகாலை மாவட்டம் மறக்காது. புதிதாக நிலம் வெடித்திருந்தால், மரம் சாய்ந்திருந்தால், ஊற்றுத் தண்ணீர் சேறாக வந்தால் உடனே திரும்பி வாருங்கள். தோட்டத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். திட்டம் போட்ட நடையை நிறுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தெரணியகலையிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவன்: மலை உச்சிக்குப் போகாமலே சிவனொளிபாதத்தைத் தொட முடியுமா?

முடியும் தம்பி. 2,243 மீற்றர் உச்சியில் விடியும்போது மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே நீண்டு விழும். தை மாதத்தில் சூரியன் கொஞ்சம் தெற்கே ஒதுங்கி உதிப்பதால் அந்த நிழல் வடமேற்கே சாய்ந்து, தெரணியகலை, அவிசாவளைப் பக்கமாக நீளும். உச்சியில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடம், உன் அம்மா பால் வெட்டிக்கொண்டிருக்கும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.